ஐம்பதில் வரும் அயர்ச்சி

ஐம்பதை எட்டிய குடும்பத்தலைவர் சிலரிடம் ஒரு மாறுதலைக் காண்கிறோம். அற்ப காரியத்துக்கும் சினம். மாலையானதும் சாய்வு நாற்காலியே கதி. இல்லற நாட்டமும் குன்றுகிறது. வயதாகிவிட்டதென்று அவர் மௌனமாகிறார். தம்மை வெறுத்துவிட்டாரோவென்று மனைவியார் கலங்குகிறார்.

இதனை ஆண்களின் ‘மாதவிடாய் ஓய்வு’ என்பாருமுளர். அப்பெயர் பொருந்தாது. பெண்களுக்கு மாதவிடாய் ஒரு கட்டத்தில் முற்றாக நின்றுவிடுகிறது. ஆண்களுக்கோ தெஸ்தொஸ்தெரோன் என்னும் ஓமோன், நாற்பதுக்குப் பின் ஆண்டுக்கு நூற்றில் ஏறக்குறைய 1 பங்காக மெல்லக் குறைகிறது. 2010ஆம் ஆண்டில் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், 40 முதல் 79 வயது வரையான ஆண்களுள், அறிகுறிகளோடு கூடிய ஓமோன் குறைபாடு உடையோர் நூற்றுக்கு 2 பேரளவே.

ஆகவே அயர்ச்சிக்குக் காரணம் பல வேளைகளில் வேறாகும். நீரிழிவு, உடற்பருமன், நித்திரைக் குறைவு, மது, மனச்சோர்வு ஆகியவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். இவை திருத்தத்தக்கவை. வெட்கத்தால் மறைத்து விளம்பர லேகியங்களை நாடுவதிற் பயனில்லை. வைத்தியரை அணுகுங்கள், அவர் காலை வேளையில் இரத்தத்தைச் சோதிப்பார், குறைவு காணின் மறுமுறையும் சோதிப்பார். ஓமோன் மருந்தைத் தாமாகப் பெறலாகாது. அது விந்தணு உற்பத்தியைக் குறைக்கும்.

இல்லத்தாரே, தந்தையின் சினத்தைக் குணக்கேடென்று ஒதுக்காதீர்கள். “உடம்புக்கு என்ன செய்கிறது?” என்று பரிவுடன் வினவுங்கள். வாய் திறவாதிருந்தவர் வைத்தியரிடம் செல்ல அவ்வினாவே துணையாகலாம்.