மோட்டார் வண்டிக்கு ஏற்ற மசகெண்ணெய்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மூடப்பட்டன. எனினும், ஊரிகத்தைச் சூழ்ந்த சயனைடு மேடுகள் இன்றும் நிற்கின்றன. தாதுக்கல்லை மாவாக இடித்துப் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய கழிவே அம்மேடுகள். காற்றடிக்குங்கால் அத்தூள் எழுந்து வீதிகளிற் படிகின்றது. வீட்டாருக்கு அது மூச்சுத்தொல்லை. மோட்டார் வண்டிக்கோ உட்பகை. அதிலுள்ள குவார்ட்சுத் துகள் கண்ணாடியையே கீறவல்லது. காற்று வடிகட்டியைக் கடந்து அது எண்ணெயுடன் கலக்குமாயின், பிஸ்டன் வளையங்களையும் பேரிங்குகளையும் அரம்போல் தேய்த்துவிடும். வாடகைக்கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு எஞ்சினை இறக்கிப் பழுதுபார்ப்பதென்பது பல மாத வருவாயை இழப்பதாகும்.

"நல்ல கெட்டியான எண்ணெயாகக் கொடுங்கள்" என்று கடையிற் கேட்போர் பலர். நேயர்களே, கெட்டித்தன்மை வேறு, தரம் வேறு. டப்பாவின்மேல் 20டபிள்யூ-40 என்றிருப்பின், முதலெண் குளிர்நிலையிலும் இரண்டாவது எண் கொதிநிலையை ஒட்டிய வெப்பத்திலும் எண்ணெய் ஓடும் தன்மையைக் குறிக்கும். எண் சிறிதாயின் எண்ணெய் இளகியது. எஞ்சின் தேய்வதில் கணிசமான பங்கு, வண்டியைக் கிளப்பியவுடன் எண்ணெய் எங்கும் பரவுமுன் நிகழ்வது. இக்காலத்து எஞ்சின்களில் இடைவெளிகள் மிக நுண்ணியவை. அவற்றிற் பலவற்றிற்கு 5டபிள்யூ-30 அல்லது 0டபிள்யூ-20 போதும். அவற்றிற் கெட்டியானதை ஊற்றுவது அன்பின் மிகுதியால் செய்யும் தீங்கு!

தரத்தைக் கூறுவன ஏ.பி.ஐ. எழுத்துக்கள். எஸ் என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கு. சி என்று தொடங்குவது டீசலுக்கு. எஸ்.என். என்பதற்குப் பின் வந்தது எஸ்.பி.; அது 2020-இல் நடைமுறைக்கு வந்தது. எண்ணும் எழுத்தும் வண்டியின் கைப்புத்தகத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். விலை மிகுந்ததென்பது மட்டும் சான்றாகாது.

எண்ணெய் கறுத்துவிட்டதென்று அஞ்சுவோரும் உளர். அழுக்கையும் புகைக்கரியையும் படியவிடாது தன்னுள் ஏந்திக்கொள்வது நல்லெண்ணெயின் கடமை. ஆதலின் கறுப்பது இயல்பே. அளவு குறைவதே அஞ்சத்தக்கது. சமதரையில் வண்டியை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து அளவுகோலைப் பார்த்துவிடலாம்.

வடிகட்டிய பழைய எண்ணெயைப் பெயர்பெற்ற நிறுவனத்தின் டப்பாவில் அடைத்து விற்பாரும் உண்டு. முத்திரை உடையாதிருப்பதைக் கண்டு, ரசீதுடன் வாங்குக. காலி டப்பாவைத் துளையிட்டபின் எறிக.

தூசி மிகுந்த வழிகளை உற்பத்தியாளர்கள் 'கடும்பயன்பாடு' என்று வகுத்து, எண்ணெய் மாற்றும் காலத்தைக் குறைத்துக் கூறுவது வழக்கம். சயனைடு மேட்டின் ஓரமாக நாள்தோறும் ஓடும் வண்டிக்கு அக்குறைந்த கணக்கே பொருந்தும். எண்ணெய் மாற்றும்பொழுது எண்ணெய் வடிகட்டியையும் மாற்றுக. காற்று வடிகட்டியையோ அதற்கு இடையிலும் திறந்து பார்த்தல் நன்று.