பார்த்தா என்ன குறைஞ்சுடும்?

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் குற்றவாளி நான்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை. பல்லாவரம் பஸ் ஸ்டாப். மணி ஒன்பதே கால். பஸ் வரவில்லை (இதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?). செல்போனில் சார்ஜ் இல்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாத மனுஷன் என்ன செய்வான்? நிழற்குடைத் தூணை ஒட்டி நின்ற ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பான எண்ணம் எதுவும் கிடையாது ஸார், சத்தியமாக! வீட்டு லோன் தவணையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனை உள்ளே, கண் மட்டும் அங்கே.

அந்தப் பெண் முதுகில் இருந்த பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொண்டாள். அப்புறம் தூணுக்கு அந்தப் பக்கம் போனாள். நானும் இரண்டடி நகர்ந்தேன் (பஸ் வருகிறதா என்று பார்க்கத்தான்!). அவ்வளவுதான். நேராக என்னிடம் வந்துவிட்டாள்.

"ஸார், என்னை உங்களுக்குத் தெரியுமா?"

"இ... இல்லையேம்மா."

"ஆபீஸ், காலேஜ், எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

"இல்லே..."

"அப்புறம் எதுக்கு ஸார் பத்து நிமிஷமா என்னையே பார்த்துட்டிருக்கீங்க?"

கத்தவில்லை. ரேஷன் கடையில் 'பாமாயில் வந்திருக்கா?' என்று கேட்கிற குரல்தான். ஆனால் பஸ் ஸ்டாப்பே திரும்பியது. பூக்காரம்மா, ஸ்கூல் பையன்கள் நாலு பேர், ஷேர் ஆட்டோ டிரைவர், டிபன் பையோடு ஒரு பெரியவர்... எப்படியும் நாற்பது கண்கள் இருக்கும்.

அடுத்த பஸ் வர நாலு நிமிஷம் ஆயிற்று. அந்த நாலு நிமிஷத்தில் பல விஷயங்களைக் கண்டுபிடித்தேன். எனக்கு இரண்டு கைகள் இருக்கின்றன, அவற்றை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சட்டையில் ஒரு பட்டன் குறைகிறது. எச்சில் விழுங்கினால்கூட நாற்பது கண்ணுக்கும் தெரிகிறது. வந்த பஸ் என் ரூட்டே இல்லை. ஏறிவிட்டேன்!

ராத்திரி மனைவியிடம் ஆறுதல் தேடிப் போனேன். நடந்ததைச் சொல்லி, கடைசியில் நம் ஆண் குலத்தின் பரம்பரை வசனத்தையும் எடுத்துவிட்டேன்.

"பார்த்தா என்ன குறைஞ்சா போயிடுவா?"

தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள். எங்கள் வீட்டில் அது கீழே போனால் விஷயம் ஸீரியஸ் என்று அர்த்தம்.

"நீங்க பி.காம்.தானே? பேப்பர், பேனா எடுத்துட்டு வாங்க. என்னென்ன குறையும்னு நான் சொல்றேன். எழுதிக்குங்க."

பற்று... பற்று... பற்று!

"முதல்ல டைம். ஆபீஸ் ஆறு மணிக்கு விடும். ஆறு பத்துக்கு ஒரு பஸ் இருக்கு, உட்காரவே இடம் கிடைக்கும். ஆனா ரெகுலரா ஒருத்தன் வர்றான். ஏறினதுல இருந்து இறங்குற வரைக்கும் பார்வையை எடுக்க மாட்டான். அதனால ஆறு நாப்பது பஸ்லதான் வர்றேன். மாசத்துக்கு 25 நாள், தினம் அரை மணி. போடுங்க."

போட்டேன். பன்னிரண்டரை மணி நேரம். ஒரு ஆள் ஒன்றரை நாள் ஓவர்டைம் பார்க்கிற நேரம்!

"அடுத்தது பணம். சாதா டவுன் பஸ்ல 2021 மே மாசத்துல இருந்து லேடீஸுக்கு டிக்கெட் கிடையாது. ஆனா அந்தாளு ஆறு நாப்பதுலயும் ஏறிட்டான்னா நான் ஷேர் ஆட்டோ பிடிக்கணும். கவர்மென்ட் ஃப்ரீயா விட்ட டிக்கெட்டுக்கு அவன் என்கிட்ட இருபது ரூபா வசூல் பண்றான்."

"மூணாவது, போன தீபாவளிக்கு நீங்க வாங்கிக் கொடுத்த மாம்பழக் கலர் சுடிதார். 'ஏன் போடவே மாட்டேங்கறே?'ன்னு கேட்டுட்டே இருந்தீங்களே? ஒரு நாள் போட்டுட்டுப் போனேன். அன்னிக்கே பீரோவுக்குள்ளே போயிடுச்சு."

"நாலாவது, காதுல இயர்போன். நான் பாட்டுக் கேட்கிறேன்னு நினைச்சுட்டிருக்கீங்களா? பாட்டே ஓடாது. ஜாடையா யாராவது எதாவது சொன்னா காதுல விழாத மாதிரி இருக்கணும். பின்னாடி யாராவது வந்தா செருப்புச் சத்தமும் கேட்கணும். அதுக்குத்தான்."

"அஞ்சாவது, போன். ஸ்டாப்ல இருந்து வீடு வரைக்கும் இருட்டு. 'அப்பா, தெருமுனைக்கு வந்துட்டீங்களா? இதோ வந்துட்டேன்ப்பா'ன்னு சத்தமா பேசிட்டே வருவேன்."

பேனா நின்றுவிட்டது. என் மாமனார் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது.

"இன்னும் ஒரு என்ட்ரி இருக்கு" என்றாள் மனைவி. "ஆனா அது என் கணக்கு இல்லே, உங்க வீட்டுக் கணக்கு. உங்க தங்கச்சியையே கேளுங்க."

எழுதாமல் விட்ட என்ட்ரி

என் தங்கை என்னைவிட ஏழு வயசு சின்னவள். அவளும் பி.காம்.தான். ஆனால் நான் தட்டுத் தடுமாறிக் கரையேறிய பேப்பர்களில் எல்லாம் தொண்ணூறைத் தாண்டியவள். 2014-ல் காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்புக்கு தி.நகரில் சாயங்கால கிளாஸ் சேர்ந்தாள். மூன்றே மாசம். "ரொம்பக் கஷ்டமா இருக்குண்ணா" என்று நிறுத்திவிட்டாள். இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறாள்.

அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், "என்னம்மா, பாதி காஸ்ட் அக்கவுண்டன்ட்! சௌக்கியமா?" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

போன் பண்ணினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னாள்.

"கிளாஸ் விட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தா எதிர்ல ஒரு கடை வாசல்ல ஒருத்தன் நிப்பான்ணா. ஒரு வார்த்தை பேசினதில்லே. கிட்டே வந்ததில்லே. பார்ப்பான், அவ்வளவுதான். நான் பஸ் ஏறுற வரைக்கும் பார்ப்பான். மழை பெஞ்சாலும் நிப்பான். ரெண்டாவது மாசம் கிளாஸ்ல உட்கார்ந்திருக்கும்போதே வயித்தைப் பிசைய ஆரம்பிச்சுடுச்சு. போர்டுல என்ன எழுதறாங்கன்னே மண்டையில ஏறலே."

"எங்கிட்டே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? நீ போய் அவனை அடிச்சிருப்பே. இல்லேன்னா அப்பா கிளாஸை நிறுத்தியிருப்பார். எப்படியும் கிளாஸ் போயிருக்கும். அதான் நானே நிறுத்திட்டேன். 'கஷ்டமா இருக்கு'ன்னு சொன்னது பொய் இல்லேண்ணா."

நான் என்னவோ முனகினேன். ஸாரி என்றுதான் நினைவு.

பார்ப்பவர்களைப் பார்த்தேன்

அதற்கப்புறம் ஒரு வாரம், பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் பார்ப்பவர்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். நம் ஆட்களில்தான் எத்தனை ரகம்!

*ஸ்கேன் சென்டர்:* தலையில் ஆரம்பித்துக் கால் வரை போய் மறுபடி தலைக்கு வருவார். ரிப்போர்ட் மட்டும் தர மாட்டார்.

*படிப்பாளி:* கிண்டியில் பிரித்த பக்கத்தை தாம்பரம் வரைக்கும் திருப்ப மாட்டார். பேப்பருக்கு மேலே இரண்டு கண் தெரியும். இவருடைய தம்பி செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு 'சிக்னல்' தேடுவார்.

*கூட்டணி:* மூன்று பேர். ஒருத்தன் பார்ப்பான், ஒருத்தன் முழங்கையால் இடிப்பான், ஒருத்தன் சிரிப்பான். தனித்தனியாக விட்டால் மூன்றும் பரம சாது.

*பெரியவர்:* அறுபது தாண்டியவர். கேட்டால், 'என் பொண்ணு மாதிரிம்மா!' பொண்ணை யாராவது அப்படிப் பார்ப்பார்களா என்று அவரும் யோசிப்பதில்லை.

*யோகி:* 'நான் பார்க்கவே இல்லையே, ஏதோ யோசனையில் இருந்தேன்' என்பவர். இது என் ரகம். ஒரு விஷயம் கவனித்தேன். யோகிகளின் யோசனை எப்போதும் பெண்கள் நிற்கிற பக்கம்தான் போகிறது. வலது பக்கம் ஒரு தாத்தா நின்றால் அவரைப் பார்த்து யாருக்கும் தியானம் கூடுவதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் இலக்கியவாதி. "கம்பனே மிதிலையில் ராமனும் சீதையும் பார்த்ததைப் பாடியிருக்காரேய்யா!" என்று மடக்கினார். பாடினார்தான். ஆனால் அங்கே பார்த்தது இரண்டு பேர். பஸ் ஸ்டாப்பில் பார்ப்பது ஒருத்தன். அந்தப் பெண் பார்ப்பது, பஸ் எப்போது வரும் என்று!

பதினாலு செகண்ட் கணக்கு

2016-ல் கேரளாவில் அப்போது கலால் துறை ஆணையராக இருந்த ரிஷிராஜ் சிங், ஒரு பெண்ணை 14 செகண்ட் முறைத்துப் பார்த்தால் கேஸ் போடலாம் என்று ஒரு கூட்டத்தில் பேசிவிட்டார். ஊரே சிரித்தது. 'பதிமூணு செகண்ட் வரைக்கும் ஃப்ரீயா?' என்று ஜோக்கடித்தவர்களில் அடியேனும் ஒருவன்.

சட்டத்தில் அப்படி செகண்ட் கணக்கு எதுவும் கிடையாது. ஆனால் சட்டம் இருக்கிறது. 1998-ல் சென்னையில் ஆட்டோவில் வந்த கும்பல் செய்த கலாட்டாவில் ஒரு கல்லூரி மாணவி இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. 2025 ஜனவரியில் அதன் தண்டனையை இன்னும் கடுமையாக்கினார்கள்.

2012 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் இன்னொரு படி மேலே போனது. தென்காசியில் ஒரு போலீஸ்காரர் மேலேயே எழுந்த புகாரில் வந்த தீர்ப்பு அது. பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன்களில் மஃப்டியில் பெண் போலீஸ் நிற்க வேண்டும். பஸ்ஸுக்குள் தொல்லை என்று புகார் வந்தால் வண்டியைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கே விட வேண்டும் என்று சொன்னது.

2022 ஆகஸ்டில் தமிழக மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். பஸ்ஸில் பெண்களை முறைத்துப் பார்ப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது, பாட்டுப் பாடுவது, போட்டோ எடுப்பது எல்லாமே இப்போது தப்பு. கண்டக்டர் அந்த ஆளை இறக்கி விடலாம், போலீஸில் ஒப்படைக்கலாம். கண்டக்டருக்கும் கடிவாளம் உண்டு. ஏற உதவுகிறேன் என்று பெண்களைத் தொடக் கூடாது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 79-வது பிரிவு, சொல்லாலோ சைகையாலோ ஒரு பெண்ணின் மானத்தை அவமதிக்க நினைப்பவருக்கு மூன்று வருஷம் வரை சிறை என்கிறது. விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவருக்கு 78-வது பிரிவு. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, ரயிலில் 139.

நம்மூர்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். லண்டன் பாதாள ரயிலில் 2022-ல், ஆபாச நோக்கத்தோடு முறைத்துப் பார்ப்பதும் பாலியல் தொல்லைதான் என்று போஸ்டரே ஒட்டியிருந்தார்கள்.

அப்போ எங்கேதான் பார்ப்பது?

நியாயமான கேள்வி. கண்ணைக் கட்டிக்கொண்டு யாரும் பஸ் ஏற முடியாது. எதிரே ஆள் இருந்தால் கண் படும். அது தப்பில்லை. பட்ட கண் அங்கேயே குடித்தனம் நடத்துவதுதான் தப்பு.

எனக்கு நானே போட்டுக்கொண்ட விதிகள் மூன்று. ஒன்று, ஆபீஸில் ஆடிட்டர் வந்தால் எப்படிப் பார்ப்போம்? ஒரு தடவை நிமிர்வோம், உடனே நம் வேலைக்குத் திரும்பிவிடுவோம். அந்தப் பார்வை போதும். இரண்டு, அவள் பையை முன்னால் மாற்றினாலோ, துப்பட்டாவைச் சரி செய்தாலோ, இடம் மாறி நின்றாலோ நமக்கு நோட்டீஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். முகத்தை உடனே திருப்பிவிட வேண்டும். மூன்று, வேறு யாராவது முறைத்துக்கொண்டிருந்தால் சினிமா ஹீரோ மாதிரி சட்டையைப் பிடிக்க வேண்டாம். சும்மா நடுவில் போய் நின்றால் போதும். எனக்கு 38 இன்ச் இடுப்பு. இரண்டு சீட்டை மறைக்கும். போன வாரம் சைதாப்பேட்டையில் அப்படி நின்றேன். அந்த ஆள் இப்படி எட்டினார், அப்படி எட்டினார், கடைசியில் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். என் தொப்பையால் சமூகத்துக்கு நடந்த முதல் நன்மை!

தங்கை போனை வைக்கும்போது ஒன்று சொன்னாள்.

"ஸாரியெல்லாம் இருக்கட்டும்ணா. உன் பையன் அடுத்த வருஷம் ஆறாவது போறான். தனியாத்தானே பஸ்ல போகப்போறான்? அவனுக்குச் சொல்லிக்கொடு."

ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்தேன். கடைசியில் பல்லாவரம் பஸ் ஸ்டாப்பில் அப்பா மாட்டிக்கொண்ட கதையையே சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான்:

"அந்த அக்காகிட்ட ஸாரி சொன்னியாப்பா?"

இன்னும் சொல்லவில்லை. தூணைத் தாண்டிப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை. இந்தப் பக்கம் அவர் கண்ணில் பட்டால் சரி.