புளியங்கொட்டையில் போக்கர்!

எழுமலைத் திண்ணையில் சீட்டுக்கட்டைப் பிரித்தால் ரம்மி அல்லது கழுதை. பெரியவர்கள் எழுந்து போனதும் மங்காத்தா. போக்கர் மட்டும் செல்போன் வழியாக ஊருக்குள் வந்தது. பிள்ளைகள் வாயில் அந்தப் பெயர் அடிபடுகிறது என்றால், அது என்னவென்று பெற்றவர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

பலரும் ஆடுவது 'டெக்ஸாஸ் ஹோல்டம்'. 52 சீட்டு, ஜோக்கர் கிடையாது. ஆளுக்கு 2 சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் 3, அப்புறம் 1, கடைசியில் 1 எனத் திறப்பார்கள். இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்க்க வேண்டும். ஒரு ஜோடியைவிட இரண்டு ஜோடி உசத்தி. அதைவிட ஒரே எண்ணில் மூன்று, அடுத்து வரிசையாக ஐந்து, அதற்கும் மேலே ஐந்தும் இஸ்பேட் என்பதுபோல ஒரே சின்னம்... இப்படி ஏறிக்கொண்டே போகும்.

சீட்டு திறக்கத் திறக்கப் பந்தயம் கட்டுவார்கள். எதிராளி வைத்ததற்குச் சமமாக வைக்கலாம், ஏற்றலாம், கவிழ்த்துவிட்டு விலகலாம். ரம்மிக்காரர்கள் 'ஸ்கூட்' என்பார்களே, அதேதான். 5 சீட்டு 25,98,960 விதமாக அமையலாம்; அதில் பாதிக்குச் சற்று மேல் ஒரு ஜோடிகூடத் தேறாத வெறுங்கை. அதனால் நல்ல ஆட்டக்காரர் அதிகம் செய்வது விலகுவதுதான். சினிமாவில் இதைக் காட்டுவதில்லை!

இது திறமையா, அதிர்ஷ்டமா? தமிழக அரசின் 2022 சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்றது. இரண்டும் திறமை விளையாட்டே என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, எதுவானாலும் ஆன்லைனில் காசு வைத்து ஆட்டம் நடத்தக் கூடாது என்கிறது. மீறி நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

திறமை இருந்தால் ஜெயிக்கலாமே என்று மகன் கேட்கிறானா? ஆளுக்கு 50 புளியங்கொட்டையுடன் நான்கு பேர் உட்காருங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் குவியலிலிருந்து 2 கொட்டையை ஒரு டம்ளரில் போடுங்கள். ஆட்டம் நடத்தும் கம்பெனி எடுக்கும் கமிஷன் இப்படித்தான் வேலை செய்யும். 30 ஆட்டம் முடியட்டும். டம்ளரில் 60 இருக்கும். நால்வர் கையிலும் சேர்த்து 140தான் மிச்சம். இப்போது யார் ஜெயித்தது என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள்.