படத்தைப் பார்த்து 230 வோல்ட்டில் கை வைக்காதீர்கள்

சேலம் மாவட்டம் தம்மம்பட்டி சுற்றுவட்டாரத்தில் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் என்று எதில் படித்தாலும் கடைசி வருடம் ஒரு புராஜெக்ட் உண்டு. நாமக்கல் பக்கம் என்பதாலோ என்னவோ, முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்கு வெப்பக் கட்டுப்பாடு செய்கிறார்கள். இல்லாவிட்டால் சொட்டுநீருக்கு மண் ஈரம் பார்க்கும் சென்சார். யோசனையில் குறையில்லை. பெட்டியைத் திறந்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. பவர் சப்ளை மட்டும் யாரோ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துச் செய்ததாக இருக்கும்.

அந்தப் படத்தில் டிரான்ஸ்பார்மர் இருக்காது. 0.47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, இரண்டு டயோடு, ஒரு ஜீனர். நியூட்ரல்தான் கிரவுண்ட். டூ-பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் அந்தக் கிரவுண்டே பேஸ் ஆகிவிடும். ஈர மண்ணில் குத்திய சென்சார் கம்பியில் 230 வோல்ட் நிற்கும். மீட்டரோ அப்போதும் சமத்தாக 5 வோல்ட் என்றே காட்டும். கை படாதபடி மூடிய எல்.இ.டி. பல்புக்குள் இந்த சர்க்யூட் இருக்கலாம். தண்ணீர்த் தட்டு வைத்த இன்குபேட்டரில் இருக்கவே கூடாது. மார்க் போடும் ஆசிரியர்களும் திரையில் டிகிரி தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

சாமி சிலைக்கு அளவு குறிக்காமல் உளி வைக்காத ஊர் இது. சர்க்யூட்டுக்கு மட்டும் ஏன் குருட்டு நம்பிக்கை?

சோதித்துப் பார்த்த டிசைன்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐ.சி. தயாரிக்கும் நிறுவனங்களே தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. மெயின்ஸிலிருந்து நேராக 5 அல்லது 12 வோல்ட் எடுக்க பவர் இன்டக்ரேஷன்ஸ் நிறுவனத்தின் டி.இ.ஆர். எண் போட்ட அறிக்கைகளைத் தேடுங்கள். 12 வோல்ட்டை 5 ஆக்குவது போன்ற வேலைக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பி.எம்.பி. எண்கள் உதவும். சர்க்யூட் படம் மட்டும் இருந்தால் அதை நம்பாதீர்கள். பாகங்களின் பட்டியல், பி.சி.பி. வரைபடம், டிரான்ஸ்பார்மரை எந்த வரிசையில் சுற்றுவது, எந்த லோடில் எவ்வளவு சூடாகிறது என்ற அளவீடு, இத்தனையும் இருக்க வேண்டும். உள்ளே வரும் வோல்டேஜ் 85 முதல் 265 வரை தாங்குமா என்பதையும் பாருங்கள். தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் நம் லைன் 230-லேயே நிற்கும் என்று எண்ணிக்கொண்டு எதையும் செய்ய முடியாது.

எடுத்தால் முழுதாக எடுங்கள். அறிக்கையில் ஒய் கெப்பாசிட்டர் என்று இருக்கும் இடத்தில், அதே நீல நிற வட்டில் கிடைக்கும் சாதாரண 1 கிலோவோல்ட் செராமிக்கைப் போடுகிறார்கள். அது ஷார்ட் ஆனால் மெயின்ஸ் நேராக வெளியே வந்துவிடும். மூன்றடுக்கு இன்சுலேஷன் கம்பி கேட்டிருந்தால் வெறும் எனாமல் கம்பி போதாது. பி.சி.பி.யில் மெயின்ஸ் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் விட்டிருக்கும் மில்லிமீட்டர்களை இடம் போதவில்லை என்று குறைக்காதீர்கள். ஒன்றை மாற்றினாலும் அது சோதித்த டிசைன் இல்லை.

இதெல்லாம் முடியாது என்றால் மெயின்ஸ் பக்கத்தைத் தொடவே வேண்டாம். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு பெற்ற 12 வோல்ட் அடாப்டரை வாங்கி, அதற்கு இந்தப் பக்கம் மட்டும் உங்கள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் சொல்கிறேன்: மெயின்ஸ் பக்கத்தைத் தொடவே வேண்டாம். செய்து பார்க்கும் மேஜைக்கு, கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகவே கரண்ட் வரட்டும்.

அடாப்டரின் லேபிளில் ஆர் என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டினால் எந்த நிறுவனம், எந்தப் பொருள் என்று வரும். பெட்டியில் உள்ள பெயரோடு அது ஒத்துப்போகவில்லையா, வாங்காதீர்கள். அதே செயலியிலேயே புகாரும் கொடுக்கலாம். கடைக்காரர் சொல்லும் 'ஒரிஜினல்' பதிவு எண் ஆகாது.

நீங்களே அடாப்டர் செய்து விற்பதாக இருந்தால் கதை வேறு. 2012-ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணையில் ஐ.டி. சாதனங்களுக்கான பவர் அடாப்டர்கள் பின்னாளில் சேர்க்கப்பட்டன. பி.ஐ.எஸ். அங்கீகரித்த ஆய்வகத்தின் சோதனை அறிக்கையோடு பதிவு செய்யாமல் விற்றால், 2016-ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். சட்டப்படி இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது முதல் முறைக்கே குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம். ஐ.சி. நிறுவனம் அதன் போர்டைச் சோதித்த அறிக்கை உங்கள் போர்டுக்குச் செல்லாது.

காசு கொடுத்து இன்குபேட்டரோ கன்ட்ரோலரோ வாங்கி ஷாக் அடித்தது, எரிந்தது என்றால் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பெட்டியைத் திறந்து நோண்டாமல், லேபிளோடு படம் எடுத்து அப்படியே வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை. குறை தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கியதுதானே என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் சட்டப்படி நுகர்வோர்தான், அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

இதற்கெல்லாம் பில் வேண்டும். "பில் போட்டால் ஜி.எஸ்.டி. சேருமே" என்பார்கள். சேரட்டும். மாடல் பெயரும் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணும் உள்ள பில்லாகக் கேட்டு வாங்குங்கள். துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தால் பணத்தை எடுக்காதீர்கள்.