நாற்காலியில் யார்?

ஆண்டிமடம் ஒன்றியமாகட்டும், அடுத்த ஒன்றியமாகட்டும், பெயர்ப் பலகையிலே தலைவர் என்று ஒரு தாயின் பெயர் இருக்கும். உள்ளே நாற்காலியிலே மீசை இருக்கும்! யாரென்று கேட்டால், தலைவரின் வீட்டுக்காரர் என்பார்கள். எங்கும் இப்படித்தான் என்று நாம் கூறவில்லை. ஓரூரில் இருந்தாலும் வெட்கக்கேடல்லவா? 2016-இல் உள்ளாட்சியில் மகளிர்க்குச் சரிபாதி என்று சட்டம் வந்தது. 2019 டிசம்பரில் அதன்படி தேர்தலும் நடந்தது. சட்டம் பெண்ணுக்கு, சாவி ஆணுக்கா?

"அவள் கூச்சப்படுவாள்" என்று சமாதானம் சொல்கிறார்கள். கூச்சமாம்! முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் வெந்தும், மறுநாள் வேலைக்கு வருகிறவளுக்கா கூச்சம்? கூலியிலே ஒரு ரூபாய் குறைந்தால் மேஸ்திரியை மடக்கிக் கேட்கிறாளே, அந்தக் குரலை மன்றத்து வாசலிலே பறித்துக்கொண்டவர் யார்?

நமது வரலாற்றைச் சற்றே புரட்டிப் பாருங்கள் தோழர்களே! 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்து, ஆகஸ்டு முதல் நாள் திருச்சியிலிருந்து ஒரு படை சென்னைக்கு நடந்தது. 42 நாள் நடை! அந்தப் படையிலே மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் நடந்தார். வயது 55. பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்து, ஏச்சும் பேச்சும் தாங்கி உரம் ஏறிய உள்ளம் அவருடையது; நடை அவரை என்ன செய்யும்?

அதே ஆண்டு நவம்பர் 13-இல் சென்னையில் பெண்கள் மாநாடு. தலைமை, மறைமலை அடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். ஈ.வெ.ரா.வைப் பெரியார் என்றே அழைக்க வேண்டுமென்று தீர்மானித்தது அந்த மாநாடுதான். நாம் நாள்தோறும் முழங்கும் பெயர், பெண்கள் தந்த பெயர்! தீர்மானம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்களா? இல்லை. மறுநாளே மறியல், டாக்டர் தருமாம்பாள், இராமாமிர்தம் அம்மையார் முதலியோர் கைது. அந்தப் போரில் 73 பெண்கள் சிறை புகுந்தார்கள். அவர்களோடு 32 குழந்தைகளும் உள்ளே போயின.

இந்தக் கணக்கை மேடையிலே சொல்லிக் கைதட்டல் வாங்கியவர்கள் நாம். வீட்டிலே? கூட்டத்துக்கு நாம் புறப்படுகையில் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தவள், தானும் வரலாமா என்று என்றைக்காவது கேட்டதுண்டா? கேட்கும்படி நாம் வைத்திருந்தோமா?

அக்டோபர் 2, கிராம சபை நாள். ஊர்க்குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை, நூறு நாள் வேலைக் கூலி எங்கே என்று கேட்க அவளுக்குத்தான் தெரியும். குடம் சுமப்பவள் அவள், கூலிக்குக் காத்திருப்பவளும் அவள். அவள் போகட்டும். அன்று குழந்தைகள் தாயோடு சிறைக்கே சென்றன. இன்று தாய் எழுந்து பேசுகிற ஒரு மணி நேரம் குழந்தையைத் தோளில் வாங்கிக்கொண்டு நிற்க, கழகத் தோழனுக்கு முடியாதா?