மோடம் பாடிய இரவு

1999-ம் ஆண்டு. நாக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அமெரிக்காவிலிருந்து என் தம்பியின் கடிதம் வந்து சேரப் பதினைந்து நாளாகும். எங்களோடிருந்த அப்பாவுக்கு வயது 76. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். "ஈ-மெயில் உடனே வருமாமே?" என்று ஒருநாள் கேட்டார். அதன்பின் சும்மா இருக்க முடியுமா?

வீட்டுக் கம்ப்யூட்டரில் பி.சி. க்வெஸ்ட் பத்திரிகையோடு வந்த குறுந்தகட்டிலிருந்து லினக்ஸ் ஏற்றியிருந்தேன். கடையில் மலிவாகக் கிடைத்த மோடம் கார்டு ஒன்றை வாங்கிச் செருகினேன். லினக்ஸ் அதைச் சட்டையே செய்யவில்லை. ஒரு வாரம் தூக்கம் போனது.

பிறகுதான் விளங்கியது, அது 'வின்மோடம்'. கம்ப்யூட்டரின் எண்களைத் தொலைபேசிக் கம்பியில் செல்லும் ஒலியாகவும், வரும் ஒலியை மறுபடி எண்களாகவும் மாற்றுவதே மோடத்தின் வேலை. இந்தக் கார்டிலோ சில்லுகளைக் குறைத்து, அந்த வேலையில் பெரும்பகுதியை விண்டோஸ் டிரைவரின் தலையில் கட்டியிருந்தார்கள். தயாரிப்பாளர்கள் பலர் சில்லின் விவரங்களை வெளியிடாததால், லினக்ஸுக்கு டிரைவர் எழுதுவதும் கடினம். சில வகைகளுக்குப் பின்னாளில் டிரைவர் வந்தது. என் கார்டுக்கு வரவில்லை.

கடைசியில், சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடம் ஒன்றை வாங்கினேன். அதுவும் பேசவில்லை! நான் சிக்னல் பிரிவில் டிப்ளமோ படித்து வேலைக்கு வந்தவன். பழுது வந்தால் லைனைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார் என்பதே எங்களுக்குப் பாலபாடம். அதையே இங்கும் செய்தேன்.

முதல் பகுதி, கம்ப்யூட்டரிலிருந்து மோடம் வரை. விண்டோஸில் 'காம் 2' என்பது லினக்ஸில் 'டி.டி.ஒய்.எஸ் 1'. லினக்ஸ் பூஜ்யத்திலிருந்து எண்ணும். நான் 2 என்று கொடுத்திருந்தேன். அதைத் திருத்தி, மினிகாமில் 'ஏ.டி.இசட்' என்று தட்டியதும் 'ஓ.கே.' என்றது.

இரண்டாவது, மோடத்திலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை. டயல்டோன் இல்லை என்று அடம் பிடித்தது. போனைக் காதில் வைத்தால் டோன் கேட்கிறது! எங்கள் எக்ஸ்சேஞ்சின் டோன் அதற்குப் பழக்கமில்லை. 'எக்ஸ் 3' கட்டளை கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் சுழற்றும். சுழற்றியது.

மூன்றாவது, லாகின். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பம். அவ்வளவுதான்.

இரவு பதினொன்றரைக்கு மோடம் கீச்சிட்டு, இரைந்து, அடங்கியது. தம்பியின் மெயில் வந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் என்பதால் அப்பாவை எழுப்பி நானே படித்துக் காட்டினேன். "இன்னொரு தரம் படி" என்றார்.

அப்பா 2001-ல் காலமானார். அதுவரை வாராவாரம் மெயில் வந்தது. அவற்றின் அச்சுப் பிரதிகள் அவருடைய டிரங்குப் பெட்டியில் இன்றும் இருக்கின்றன.

இன்று பேரன் ஒரு விரலில் வீடியோவில் பேசுகிறான். மகிழ்ச்சிதான். ஆனால் ஏதாவது பழுதென்றால் உடனே புதிது வாங்கலாம் என்கிறான். முதலில் எந்தப் பகுதியில் கோளாறு என்று பாரப்பா என்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.