கத்திரி வெயிலில் ஐந்து கிகாஹெர்ட்ஸ்

ஐந்து கிகாஹெர்ட்ஸ் பிராசசர் நொடிக்கு 500 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒளிகூட 6 சென்டிமீட்டர்தான் நகர முடியும். அதற்குள் கணக்கின் ஒரு படி முடிந்திருக்க வேண்டும்.

தயாரித்தவர்கள் வைத்த எல்லைக்கு மேலே இந்தத் துடிப்பை ஏற்றுவதுதான் ஓவர்கிளாக்கிங், மிகைத்துடிப்பு என்போம். மதர்போர்டு தருவது வெறும் 100 மெகாஹெர்ட்ஸ். பிராசசர் தனக்குள் அதை 50 மடங்காக்கிக் கொள்கிறது. அந்த மடங்கை மாற்ற எல்லா பிராசசரும் இடம் கொடுக்காது. இன்டெல் என்றால் பெயரின் கடைசியில் 'கே' இருக்கிறதா என்று பாருங்கள். போர்டு 'இசட்' வரிசையாக இருக்கட்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை பூட்டில்லாதவை. அதற்கு 'பி' அல்லது 'எக்ஸ்' வரிசை போர்டு போதும். 'ஏ' வரிசை உதவாது.

உண்மையான வித்தை பிராசசரைச் சுற்றி நிற்கும் சின்னச் சின்ன சாம்பல் நிறக் கட்டிகளில் இருக்கிறது. பவர் சப்ளை 12 வோல்ட் அனுப்புகிறது. பிராசசர் கேட்பதோ 1.25 வோல்ட் அளவில்; அதை இறக்கித் தருவது இந்தக் கட்டிகள் அடங்கிய சுற்றுதான். 125 வாட் இழுத்தால் உள்ளே பாய்வது 100 ஆம்பியர்! நம் வீட்டு ஏசிக்கு 15 ஆம்பியர் பிளக் போதும். அவ்வளவு மின்னோட்டத்தையும் ஒரே பாதையில் விட்டால் கருகிவிடும். அதனால் எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று ஃபேஸ்களாகப் பிரித்து, நொடிக்குப் பல லட்சம் முறை மாறி மாறித் திறந்து மூடுகிறார்கள். விலை குறைந்த போர்டில் ஃபேஸும் குறைவு, மேலே ஹீட்சிங்க்கும் இருக்காது.

வேகம் கூட்ட வோல்டேஜும் கூட்ட வேண்டும். வெப்பமோ வேகத்தோடு ஏறுவதுடன், வோல்டேஜின் வர்க்கத்திலும் ஏறும். 4.5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5-க்குப் போக 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கினால், வேகம் 11 சதவீதம் கூடும், வெப்பம் 40 சதவீதம் கூடும்.

திருச்சிக்காரர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். பல பிராசசர்கள் 100 டிகிரியைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறை 25 டிகிரியில் இருந்தால் நமக்கு 75 டிகிரி இடைவெளி. அக்னி நட்சத்திரத்தில் ஸ்ரீரங்கத்து மொட்டைமாடி அறை 40-ஐத் தொட்டால் மிஞ்சுவது 60. கூலர் அதேதான், ஆனால் அது வெளியேற்றும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது.

இந்த ஊரின் மிகப்பெரிய கணினிகளில் ஒன்றும் இதே வெப்பத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது. துவாக்குடி என்ஐடியில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 'பரம் பொருள்' 838 டெராஃப்ளாப் திறன் கொண்டது. அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். அதன் வெப்பத்தைப் பிராசசரை ஒட்டியே ஓடும் திரவம் அள்ளிக்கொண்டு போகிறது. அதே ஆண்டு டிசம்பரில், வேறோர் இடத்தில் ஓவர்கிளாக்கர்கள் மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தை ஊற்றி ஒரு இன்டெல் பிராசசரை 9 கிகாஹெர்ட்ஸ் தாண்ட வைத்தார்கள்.

நமக்கு ஹீலியம் வேண்டாம். பிராசசரில் ஒரு படி இறங்கி, மிச்சமாகும் பணத்தை ஹீட்சிங்க் உள்ள போர்டிலும் நல்ல கூலரிலும் போடுங்கள். கார்த்திகை மழையில் நிலையாக ஓடுகிறதே என்று விட்டுவிடாமல், மே மாத நண்பகலில் ஒரு மணி நேரம் முழுச்சுமையில் ஓடவிட்டுச் சோதியுங்கள்.